விமானம் இறங்கும் வழியில் பறவைகள்

மணிலா விதைத்த மறுநாளே காகக் கூட்டம் வந்து சால் சாலாக விதையைக் கிளறுவது மங்கலம்பேட்டை வட்டார விவசாயிகளுக்குப் புதிதல்ல. இரை உள்ள இடத்துக்குப் பறவை வரும். இதே குணம் ஆகாய விமானங்களுக்கு ஆபத்தாக முடிகிறது. நமக்குக் கிழக்கே நெய்வேலியிலும் விமான ஓடுபாதை இருப்பதால் இதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

2025 அக்டோபரில் கொழும்பிலிருந்து 158 பயணிகளுடன் சென்னை வந்த விமானத்தில் பறவை மோதியிருந்தது. பத்திரமாக இறங்கிய பின் சோதித்தபோதுதான் அது தெரிந்தது. தென் கொரியாவில் முவான் என்ற ஊரில் நடந்தது வேறு. 2024 டிசம்பர் 29 அன்று அங்கு இறங்க வந்த விமானத்தில் பறவைகள் மோதின. பின்னர் அது சக்கரங்கள் வெளிவராமலே ஓடுபாதையில் சறுக்கி, கோடியிலிருந்த கான்கிரீட் திட்டில் இடித்துத் தீப்பிடித்தது. 181 பேரில் 179 பேர் மாண்டனர். அந்தத் திட்டும் சாவுக்கு ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு என்ஜின்களிலும் பைக்கால் கிளுவை என்னும் சிறு வாத்தின் இறகுகள் கிடைத்தன. குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொரியாவுக்கு வந்து, அறுவடையான வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்கும் பறவை இது.

ஒரு கிலோகூட இல்லாத பறவை இவ்வளவு கேடு செய்யுமா என்று கேட்கலாம். இறங்கும் விமானம் மணிக்குச் சுமார் 250 கி.மீ. வேகத்தில் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். என்ஜினுக்குள் சுழலும் தகடுகளில் பறவை சிக்கினால் தகடு வளையும். சில சமயம் உடையும். மேலே பழுதானால் விமானிக்கு யோசிக்க நேரம் உண்டு, 500 அடியில் கிடையாது. மோதல்களில் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழேதான் நடக்கிறது.

ஓடுபாதை ஓரப் புல்லில் உள்ள வெட்டுக்கிளிக்கும் புழுவுக்கும் ஆள்காட்டிக் குருவி, உண்ணிக்கொக்கு ஆகியவை வருகின்றன. இறைச்சிக் கழிவைத் தேடிப் பருந்து வட்டமிடுகிறது. வெடி போட்டு விரட்டினால் சில நாளில் பழகிவிடும். கம்பங்கொல்லையில் கட்டிய தகர டப்பாவின் கதையும் இதுதானே! ஆகவேதான் விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. தூரத்துக்குள் திறந்தவெளியில் கால்நடைகளை வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி தடுத்தது.

முன்பெல்லாம் செத்த மாட்டைப் பிணந்தின்னிக் கழுகுகள் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி மருந்து அக்கழுகு இனத்தையே அழித்துவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டும் கழுகுகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இப்போது ஏரிக்கரையில் வீசிய மாடு நாட்கணக்கில் கிடக்கிறது. காகமும் பருந்தும் நாயும் அங்கேயே குடியிருக்கின்றன. பருந்து இரை தேடிப் பல கி.மீ. சுற்றக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே செத்த கால்நடையைக் கிணறு, வாய்க்காலுக்கு எட்ட, ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அடைப்பான் நோய் என்று சந்தேகம் இருந்தால் தோலை உரிக்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கோழிக் கழிவை மேட்டில் குவிக்காமல் குழியிலிட்டு மண் மூடுங்கள். பறவைகளுக்கு விஷம் வைப்பது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம். ஏர் பின்னால் வந்து புழு பொறுக்கும் கொக்கும் மைனாவும் அதில் சாகும்.