கை படும் இடத்தில் பெயின்ட் வேண்டாம்

கேம் கன்ட்ரோலருக்குப் புது நிறம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த பெயின்ட் வாங்குவது என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எங்கே அடிப்பது, எங்கே அடிக்காமல் விடுவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முகப்பு ஓட்டுக்கு மட்டும் அடியுங்கள். உள்ளங்கை பிடிக்கும் பின்பக்கத்தையும் பட்டன்களையும் டிரிக்கர்களையும் கம்பெனி கொடுத்த நிறத்திலேயே விட்டுவிடுங்கள். ஷோகேஸில் நிற்கும் பொம்மைக் காருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம். அதை யாரும் தினமும் இரண்டு மணி நேரம் வியர்த்த கையால் இறுக்கிப் பிடிப்பதில்லை. கன்ட்ரோலரை அப்படித்தான் பிடிக்கிறோம். அடித்த ஒரு மாதத்தில் செதில் செதிலாக உரியும் பெயின்ட்டைப் பார்த்துப் பலரும் கேனைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கேன் மேல் தப்பில்லை, அடித்த இடம்தான் தப்பு.

கம்பெனியிலிருந்து சிவப்பாகவோ நீலமாகவோ வரும் கன்ட்ரோலரில் அந்த நிறம் பெரும்பாலும் மேலே பூசியது அல்ல. ஓட்டை வார்க்கும்போதே ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நிறமியைக் கலந்துவிடுகிறார்கள். அதனால்தான் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம் தெரிகிறது. நாம் அடிப்பது அந்த ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல். அந்தத் தோலுக்கு எதிரிகள் நம் கையிலேயே இருக்கிறார்கள்: வியர்வையின் உப்பு, சருமத்தின் எண்ணெய், சாப்பிட்ட கையின் பிசுக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் காய்கிறது; அது போன்ற கரைப்பான் மறுபடி மேலே பட்டால் இளகிவிடக்கூடும். சானிடைசரில் இருப்பது ஆல்கஹால், அதுவும் ஒரு கரைப்பான்தான். கொசுவிரட்டிக் களிம்பில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் அது பெயின்ட்டை மட்டுமல்ல, சில வகை பிளாஸ்டிக்கையே இளக வைக்கும். இத்தனையும் தேய்ந்துகொண்டே இருக்கும் இடம் பின்பக்கப் பிடி.

அந்தப் பிடியை உருவாக்கியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2020-இல் வந்த சோனியின் டூயல்சென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், சொரசொரப்பாகத் தெரிவது வெறும் புள்ளிகள் அல்ல; முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று பிளேஸ்டேஷனின் நான்கு சின்னங்களும் பொடிப்பொடியாக நெருக்கி வார்க்கப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரில் டிரிக்கரிலும் பம்பரிலும் பின்பிடியிலும் சிறு புள்ளிகள் உண்டு. வியர்த்த விரல் வழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அதன் மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று ஏற்றினால் பள்ளங்கள் நிரம்பி மேடுகள் மழுங்கும். அழகுக்காகச் செய்த வேலை பிடிமானத்தைத் தின்றுவிடும்.

பட்டன்களை விடச் சொல்வதற்குக் காரணம் வேறு, அது வெறும் கணக்கு. ஒரு கோட் காய்ந்தபின் 20 மைக்ரான் கனம் என்று வைத்துக்கொள்வோம். பிரைமர் இரண்டு, நிறம் இரண்டு, கிளியர் இரண்டு என்றால் 120 மைக்ரான், அதாவது 0.12 மில்லிமீட்டர். பட்டன் துளையின் சுவரில் சுற்றிலும் அது ஏறினால் துளையின் விட்டம் 0.24 மில்லிமீட்டர் குறைகிறது. பட்டனுக்கும் அடித்தால் அதன் விட்டம் அதே அளவு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அவ்வளவு இடைவெளி அங்கே இருக்காது; அழுத்திய பட்டன் உள்ளேயே நின்றுவிடும். அனலாக் ஸ்டிக்கின் தண்டு துளை விளிம்பில் சுற்றிச் சுற்றி உரசுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தடித்த பெயின்ட் இருந்தால் தூளாகி நேராகக் கீழே ஸ்டிக்கின் பொறிக்குள் விழும். அதனால் முகப்புக்கு மட்டும் அடிக்கும்போதும் கேனை நேர் மேலிருந்தே பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் சாய்த்துத் துளைச் சுவருக்குள் அடிக்கக் கூடாது. மீறி ஏறியதை, நன்றாகக் காய்ந்த பிறகு, சுருட்டிய 600 கிரிட் வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடலாம்.

'டூ-கே கிளியர் கோட் அடித்தால் பெட்ரோலுக்கே அசையாது, பிறகு ஏன் பின்பக்கத்துக்குப் பயப்பட வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹார்டனர் கலந்து இறுகும் அந்தப் பூச்சு உண்மையிலேயே உறுதியானது. காருக்கு அடிக்கும் வகை. ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் நுண்துளி மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் தாக்கும். துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் அதைத் தடுக்காது. கார் பெயின்ட் பட்டறைகளில் தனி அறையும் வெளிக்காற்று வரும் முகக்கவசமும் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை, குழந்தைகள் நடமாடும் வீட்டு மொட்டை மாடியில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படியே அடித்தாலும் நிரம்பிய பள்ளம் நிரம்பியதுதான்.

'பாதிக்கு மட்டும் அடித்தால் அரைகுறையாகத் தெரியாதா?' என்பது இன்னொரு தடை. தெரியாது, ஏனென்றால் கன்ட்ரோலரிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸில் முகப்பும் பின்பிடித் தகடுகளும் தனித்தனி. டூயல்சென்ஸில் வெள்ளை ஓடும் கறுப்புப் பட்டையும் சேர்ந்ததுதான் அதன் அழகே. பாகம் முடியும் இடத்தில் நிறமும் முடிந்தால் கண்ணுக்கு அது முழுமையாகவே படும். ஒரே பாகத்தின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி நிறம் பிரித்தால்தான் அரைகுறை வேலை போலத் தோன்றும். முகப்பிலும் கட்டைவிரலின் அடிப்பாகம் படத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது எப்போதாவது தொட்டுப் போகிறது. உள்ளங்கைபோல மணிக்கணக்கில் அழுத்திப் பிசைவதில்லை. கவனமாக அடித்த பெயின்ட் அதைத் தாங்கும்.

அந்தக் கவனம் கழற்றுவதில் ஆரம்பிக்கிறது. ஓட்டைக் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்து அடிப்பது வேண்டவே வேண்டாம். இடுக்கு வழியே உள்ளே போகும் பெயின்ட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. கழற்றினால் வாரண்டி போகலாம் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சோனியின் டூயல்ஷாக் 4-இல் பின்பக்கம் நான்கு சாதாரண ஸ்டார் திருகுகள்தான், ஆனால் ஓட்டைத் திறந்ததும் உள்ளே மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று இரண்டு பாதியையும் இணைத்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் போயிற்று. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு நடுவில் துளையுள்ள டி8 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், ஒரு திருகு பேட்டரி அறையின் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். நின்டென்டோவின் ஜாய்-கானில் மூன்று கால் திருகு. சரியான ஸ்க்ரூடிரைவர் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

தனியாக வந்த ஓட்டைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, 600 கிரிட் வாட்டர் பேப்பரை நனைத்துப் பளபளப்பு போகும்வரை சீராகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், ஏபிஎஸ் கரைந்துவிடும். அடுத்து ஒரு சின்னச் சோதனை. ஓட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் விழுந்ததுபோல முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை, அந்த இடத்திலிருந்துதான் நாளைக்கு பெயின்ட் உரியும். திரும்பக் கழுவுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, ஓட்டை வெறுங்கையால் தொடாமல், பிளாஸ்டிக்குக்கு என்று உள்ள பிரைமரையும், அதன் மேல் நிறத்தையும் கிளியர் கோட்டையும் அடியுங்கள். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, ஓட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்ட வேண்டும். முதல் கோட்டில் அடியிலுள்ள நிறம் திட்டுத்திட்டாகத் தெரியத்தான் வேண்டும். அதைப் பார்த்துப் பதறி அங்கேயே இன்னொரு முறை அழுத்துவதால்தான் பெயின்ட் வடிகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கிளியர் கோட் பால்போல வெளுத்துவிடும்.

கேனில் 'இருபது நிமிடத்தில் காயும்' என்று போட்டிருக்கும். அது தூசு ஒட்டாத அளவுக்குக் காய்வது. அடியிலிருக்கும் கரைப்பான் வெளியேற ஒரு வாரமாவது விடுங்கள். ஓட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ ஓவனிலோ வைத்தால் ஓடு கோணிக்கொள்ளக்கூடும், பிறகு திருகே சேராது.

'இவ்வளவு பாடு எதற்கு, ரெடிமேட் ஓடே கிடைக்கிறதே' என்றால், ஒரே நிறம் மட்டும் வேண்டுமென்பவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். நிறமி கலந்த ஓடு எந்தப் பெயின்ட்டையும்விட நீடிக்கும். தன் கையால் வரைந்த ஓவியமோ, கடையில் இல்லாத ஒரு நிறச் சேர்க்கையோ வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த வேலை. அவர்களுக்கு ஒன்று: ஓட்டின் உட்பக்கத்தில், வெளியே தெரியாத ஓர் அங்குல இடத்தை இதே முறையில் தேய்த்து, இதே பிரைமரையும் நிறத்தையும் முதலில் அங்கே அடியுங்கள். ஒரு வாரம் கழித்து பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, மேலே செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்பில் நிறம் ஒட்டி வந்தால் முகப்பை இன்னும் தொட வேண்டாம், வாட்டர் பேப்பரையும் சோப்புத் தண்ணீரையும் மறுபடி எடுங்கள்.