பழைய உழவு இயந்திரத்திற் குளிர்நீர் அமுக்கம் குறைதல்: காரணத்தை அறியும் முறை

பெரும்போக மழை பெய்து நிலம் பதப்பட்டவுடன் உழவை முடித்துவிட வேண்டும். அந்நாட்களில் உழவு இயந்திரம் கொதித்து வயல் நடுவே நின்றுவிடுமாயின், கமக்காரருக்கு ஏற்படும் நட்டம் திருத்தற்கூலி மட்டுமன்று. ஈரம் வீணாவதும் விதைப்புப் பிந்துவதும் அதனினும் பெரிய நட்டங்களாகும்.

எனது பகுதியிலுள்ள கமக்காரர் ஒருவரின் பழைய இயந்திரம் ஒருமுறை இவ்வாறு கொதித்தது. கஸ்கெற் பழுதெனக் கருதி, எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிப் புதிய கஸ்கெற் இடுவித்தார். ஐந்து நாட்கள் கழிந்தன. மீண்டும் ஓட்டிய முதல் நாளிலேயே இயந்திரம் கொதித்தது. பின்னர் பார்த்தபோது, றேடியேற்றரின் முகப்பைப் பதரும் புல்விதையும் அடைத்திருக்கக் கண்டோம். சில வாளி நீராற் கழுவித் தீர்க்கவேண்டிய குறைக்கு அவர் பெரும்பணம் செலவிட்டார். எனவே, சோதனையை எளிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

குளிர்நீரின் வேலை

நீர்ப்பம்பி, றேடியேற்றரின் அடியிலிருந்து நீரை இழுத்து எஞ்சினுட் செலுத்துகின்றது. சூடேறிய நீர் மேற்குழாய் வழியாக றேடியேற்றருக்குத் திரும்பி ஆறுகின்றது. றேடியேற்றர் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடி நன்னிலையில் இருப்பின், நீர் 100 பாகை செல்சியசிற் கொதியாது. ஏறக்குறைய 112 பாகையிலேயே கொதிக்கும். மூடி பழுதானால் இப்பாதுகாப்பு இல்லாது போகும்.

எச்சரிக்கை

சூடான இயந்திரத்தின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அமுக்கம் நீங்கியதும் நீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் அவித்துவிடும். கொதித்த எஞ்சினிற் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். சோதனையை விடியற்காலையில், எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது தொடங்குங்கள்.

சோதிக்கும் ஒழுங்கு

1. நீர்மட்டத்தைப் பாருங்கள். நாள்தோறும் நீர் குறையுமாயின் எங்கோ ஒழுக்கு உண்டு. குழாய்ப் பூட்டுகளையும், நீர்ப்பம்பியின் அடியிலுள்ள சிறு துவாரத்தையும் கவனியுங்கள். அத்துவாரத்தால் நீர் வடிந்தால் பம்பியின் அடைப்பு தேய்ந்துவிட்டது.

2. றேடியேற்றரின் தகடுகளிற் பதரோ சேறோ இருப்பின், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். தகடுகள் மடியாதவாறு மெதுவாகச் செய்யுங்கள்.

3. மூடியின் றப்பர் வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருப்பின், அதே அமுக்க அளவுள்ள புதிய மூடியை இடுங்கள்.

4. விசிறிப் பட்டியின் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ்வது போதும். அதிகம் தாழ்ந்தாற் பட்டி வழுக்கும். விசிறியும் பம்பியும் மெதுவாகச் சுழலும்.

5. எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டும்போது, விசிறியிலிருந்து விலகி நின்று கீழ்க்குழாயைப் பாருங்கள். அது உட்புறமாகச் சப்பினால் நீர் செல்லும் வழி அடைபடும். குழாயை மாற்ற வேண்டும்.

6. எஞ்சின் மிகவும் சூடாகியும் மேற்குழாய் சூடேறாவிடின் தேமோஸ்ரற் திறக்கவில்லை எனக் கொள்ளலாம். எஞ்சின் ஆறியபின் அதைக் கழற்றி, ஒரு பாத்திர நீரில் நூலாற் கட்டித் தொங்கவிட்டு நீரைச் சூடாக்குங்கள். அதிற் பொறிக்கப்பட்ட வெப்பநிலையை நீர் அடையும்போது அது திறக்கத் தொடங்க வேண்டும். திறவாவிட்டாற் புதியதை இடுங்கள். தேமோஸ்ரற் இன்றி ஓட்டுவது நன்றன்று. எஞ்சின் உரிய சூட்டை அடையாது, டீசற் செலவும் தேய்வும் கூடும்.

7. மேற்குழாய் மிகச் சூடாகவும் கீழ்க்குழாய் ஏறக்குறையக் குளிர்ந்தும் இருப்பின், றேடியேற்றரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம்.

8. இறுதியாக, ஆறிய எஞ்சினை மூடியின்றி இயக்கி நீரைப் பாருங்கள். குமிழிகள் இடைவிடாது வந்தால், அல்லது எஞ்சின் எண்ணெய் பாலின் நிறமடைந்திருந்தால், கஸ்கெற் பழுதாகியிருக்கலாம். இயந்திரத்தை மேலும் ஓட்டாது, தேர்ந்த திருத்துநரிடம் காட்டுங்கள்.

குறை வராமற் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவே றேடியேற்றருள்ளும் படிகின்றது. ஆகவே சுத்தமான மழைநீரைச் சேமித்து, துருத்தடுப்புத் திரவத்தை உரிய அளவிற் கலந்து பயன்படுத்துங்கள். சூடடிப்பு முடிந்ததும் தகடுகளைக் கழுவுங்கள்.

வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால், "இன்னும் ஒரு சால்" என எண்ணாது இயந்திரத்தை நிறுத்துங்கள். அரைமணி நேரம் பொறுப்பவர் அப்போகத்தின் உழவையே காத்துக்கொள்வார்.