குதிரைக்கு வந்த மூளைக் காய்ச்சல்

பெங்களூர் சிவாஜி நகரில் ஒரு பெரியவர். அவரிடம் ஒரு குதிரை உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு அதை ஓட்டிச் செல்வார். அதுதான் அவர் பிழைப்பு.

அது மழைக்காலம். ஒரு நாள் குதிரை கொள்ளைத் தொடவில்லை. அதன் உடம்பு அனலாய்ச் சுட்டது. நடந்தால் கால்கள் தள்ளாடின.

தெருவில் பேச்சு எழுந்தது.

"இது ஒட்டுவாரொட்டி. பிள்ளைகள் இருக்கும் இடம். குதிரையை விரட்டுங்கள்!"

பெரியவர் கலங்கினார். அவர் மகள் கால்நடை டாக்டரை அழைத்து வந்தாள்.

"வெறிநோயாகவும் இருக்கலாம். வாயில் கை வைக்காதீர்கள்" என்றார் டாக்டர் அம்மா. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. அது ஜப்பானிய மூளைக் காய்ச்சல்.

"ஐயா, குதிரை சமீபத்தில் எங்கே போனது?"

"பத்து நாள் முன்பு மண்டியா பக்கம் போனோம். ராத்திரி வயலோரம் கட்டியிருந்தேன்."

"அங்கே கொசு கடித்திருக்கும். இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. கொக்கு, நாரை, பன்றி உடம்பில் அது பெருகும். அவற்றைக் கடித்த கொசு குதிரையைக் கடிக்கும். மனிதரையும் கடிக்கும். ஆனால் குதிரையின் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு. குதிரையைக் கடிக்கும் கொசுவுக்கு அது தொற்றாது. எனவே குதிரையால் யாருக்கும் ஆபத்து இல்லை."

தெருக்காரர்கள் தலை குனிந்தனர்.

"மூளை எப்படிக் கெடுகிறது, டாக்டர் அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவை காவலர்கள். கிருமி நுழைந்தால் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அது கிருமியை மடக்கிப் பிடிக்கும். பெரும்பாலும் நோய் அதோடு முடியும். சில சமயம் கிருமி முந்தி மூளைக்குள் போய்விடும். காவலர்களும் உள்ளே போவார்கள். சண்டையில் மூளை வீங்கும். திருடனை வாசலில் பிடித்தால் நல்லது. அடுப்படியில் பிடித்தால் சட்டி பானை உடையும் அல்லவா?"

"மருந்து உண்டா?"

"கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலைத் தணிக்கலாம். தண்ணீரும் தீனியும் கொடுத்துக் காக்கலாம்."

மகள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"இவனுக்கு வந்தால்?"

"வருமுன் தடுக்கலாம். தடுப்பூசி கிருமியைக் காவலர்களுக்கு முன்பே அடையாளம் காட்டிவிடும். நோய் உள்ள மாவட்டங்களில் அரசு இலவசமாகப் போடுகிறது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இந்தியாவில் இந்த நோய் 1955இல் வேலூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. இன்றும் பல பிள்ளைகளைப் பறிக்கிறது. பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் விளங்காமல் போகிறது. சுகாதார நிலையத்தில் கேளுங்கள் அம்மா."

மூன்று வாரம் கழித்துக் குதிரை தேறியது. பெரியவர் லாயத்துக்குக் கொசுவலை கட்டினார். தெருக்காரர்கள் தேங்கிய நீரை வடித்தார்கள்.

சிந்திப்போம்:
1. குதிரையை விரட்டினால் நோய் போகுமா? ஏன்?
2. தடுப்பூசி உடம்புக்கு எப்படி உதவுகிறது?
3. உங்கள் தெருவில் நீர் எங்கே தேங்குகிறது?