பிரின்டர் கண்ணில் படவில்லையா? இரண்டாவது ரவுட்டரைப் பாருங்கள்

மாடியில் சிக்னல் போதவில்லை என்று இன்னொரு வைஃபை ரவுட்டர் மாட்டியதும், கீழே இருக்கும் பிரின்டர் மாடி லேப்டாப்பில் காணாமல் போய்விடும். பிரின்டர் மீது குறையில்லை. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. ஐபி முகவரியைப் பார்த்தாலே தெரியும்: பெரும்பாலும் கீழே 192.168.1 என்று தொடங்கினால் மாடியில் 192.168.0 என்று தொடங்கும். பிரின்டரும் டிவியும் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்க அனுப்பும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. மாடி லேப்டாப்பில் பிரின்டரின் ஐபி முகவரியை நேரடியாக டைப் செய்து சேர்த்தால் பெரும்பாலும் பிரின்ட் வந்துவிடும். பாதை இருக்கிறது, அறிவிப்புதான் எட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கீழிருந்து மாடிக்கு இந்த வழி உதவாது. மாடி ரவுட்டர் தடுத்துவிடும்.

ஆகவே இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காத ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடுக்கு மாற்றுவதே சரி. அந்த மோடு இல்லாத பழைய மாடலா? அதன் முகவரியை 192.168.1.2 போல, வீட்டில் வேறெதற்கும் இல்லாத ஒன்றாக மாற்றி, ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, கேபிளை வான் போர்ட்டிலிருந்து கழற்றி லேன் போர்ட்டில் செருகுங்கள்.

கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவை தனி நெட்வொர்க்கில் இருப்பதுதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் இரண்டாவது ரவுட்டரில் இருக்கும் கேமரா முதல் ரவுட்டரின் கம்ப்யூட்டரை எட்ட முடியும்; லேப்டாப்பிலிருந்து பிரின்டருக்குப் போன அதே பாதைதான் அது. அவற்றை முதன்மை ரவுட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ப்பதே மேல். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையை மட்டும் நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது உள் நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பதில்லை.