கூடைப்பந்தாட்டமும் கடற்காற்றும்

பிற கல்லூரியார் நம் மைதானத்திற்கு வந்து ஆடும் நாள் அணுகுந்தோறும், மாணவரிடையே, "நம் மண்ணில் நம்மை வெல்வார் யார்?" என்னும் பேச்சு எழுவதைக் கேட்கின்றோம். இப்பேச்சில் ஊக்கம் மிகுதி; ஆராய்ச்சி குறைவு. நம் மண் நமக்குச் செய்யும் உதவிதான் யாது? அவ்வுதவியுள் நாம் கூசாமல் ஏற்கத்தக்கது எது, ஏற்கத் தகாதது எது? செங்கற்பட்டு நிலத்தையும் மாமல்லபுரக் கரையின் காற்றையும் முன்னிட்டு, கூடைப்பந்தாட்டத்தின் அளவில் இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஆட்டம் பிறந்த வரலாற்றை முதற்கண் நினைவுகூர்தல் நலம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா தேசத்தவர் இதனை ஏற்படுத்தினார். பனிக்காலத்தில் வெளியே ஆட வழியில்லை. உள்ளே செய்யும் தேகப்பயிற்சியோ மாணவர்க்குச் சலித்துவிட்டது. ஆகவே அவர் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலிருந்த மாடத்தின் விளிம்பில் அறைந்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, பக்கத்திற்கு ஒன்பதின்மராக மாணவரை ஆடவிட்டார். கூடையின் அடி திறந்திருக்கவில்லை. பந்து விழுந்தால் ஒருவர் ஏறி எடுத்துத்தர வேண்டியிருந்தது. நல்லவேளையாக முதலாட்டத்தில் ஒரே முறைதான் பந்து கூடையில் விழுந்ததாம்!

இலக்கைத் தலைக்கு மேலே, கிடையாக வைத்ததில்தான் நெய்ஸ்மித்தின் நுண்ணறிவு விளங்குகின்றது. நிலத்தின்மேல் நேர்நிற்கும் இலக்கை நோக்கி எறிபவன், எவ்வளவு வலிந்து எறிகின்றானோ அவ்வளவுக்கு நன்மை பெறுவான். அவ்வலிமை எதிரியின் எலும்பையும் பதம் பார்க்கும். தலைக்கு மேலே வாய் திறந்து கிடக்கும் கூடையிலோ, பந்தை வளைவாக மெல்ல அனுப்பினாலன்றி அது விழாது. பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஓடுதலையும் அவர் விலக்கினார். முரட்டுத்தனத்திற்கு இடமின்றி ஆட வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்னர் நாம் சொல்லப்போவதற்கு இக்கருத்தே அடிப்படையாதலின், வாசகர் இதனை மனத்திற்கொள்வாராக.

அம்முதலாட்டத்தில் ஓரணிக்குத் தலைவராக நின்ற டங்கன் பாட்டன் என்பவர், 1894-இல் இவ்வாட்டத்தை இந்தியாவிற்குக் கொணர்ந்தார். தென்னாட்டில் இது வேரூன்றுவதற்கோ, ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய தேகப்பயிற்சிக் கலாசாலை பெரிதும் துணையாயிற்று. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவினரை நடத்திச் சென்றவரும் இவரே. அக்கலாசாலை பின்னர்ச் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி நிலைபெற்றது. சைதாப்பேட்டையோ முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவின் தலைமையிடம். ஆதலின் கூடைப்பந்து நம் ஜில்லாவிற்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. ஆடவரேயன்றிப் பெண்டிரும் இதில் சிறந்து விளங்குகின்றனர் என்பதற்கு, இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரையே சான்று.

நிற்க. கூரைக்குள்ளே ஆடுவதற்கென்று பிறந்த ஆட்டத்தை நாம் பெரும்பாலும் வானத்தின் கீழே ஆடுகின்றோம். இதனால் வரும் இடர் நமக்கு மட்டும் உரியதன்று. 1936-இல் பெர்லின் நகரில் கூடைப்பந்து முதன்முறை ஒலிம்பிக் பந்தயங்களுள் இடம்பெற்றபோது, அதனைத் திறந்த வெளியில், டென்னிஸ் ஆடும் மண்தரையிலே நடத்தினர். இறுதியாட்டத்தன்று மழை பெய்து தரை சேறாயிற்று. பந்தைத் தட்டினால் அது எழும்பவில்லை. அமெரிக்கர் 19-க்கு 8 என்னும் கணக்கில் கனடியரை வென்றனர். ஆட்டத்தைப் படைத்த நெய்ஸ்மித்தும் அவ்வாண்டு அந்நகருக்கு வந்திருந்தார். தம் குழந்தை சேற்றில் புரண்டதைப்பற்றி அவர் என்ன எண்ணினாரோ!

நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட்டால், ஆண்டின் பெரும்பகுதியிலும் ஆட்டத்தில் தலையிடுவது காற்றே. நம் முன்னோர் கிழக்கினின்று வருவதைக் கொண்டல் என்றும், மேற்கினின்று வருவதைக் கோடை என்றும், வடக்கினின்று வருவதை வாடை என்றும், தெற்கினின்று வருவதைத் தென்றல் என்றும் வகுத்தனர். கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம், கொக்கிலமேடு ஆகிய ஊர்களில் கடலை நம்பி வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு உயிர்நிலை. பந்தாடுவோர்க்கும் இது வேண்டப்படுவதே. வேனிற்காலத்தில் முற்பகலில் வறண்ட மேல்காற்று வீசும். வெயில் ஏற ஏற நிலம் கடலினும் விரைவாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழ, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப ஓடிவரும். மாமல்லபுரத்தில் நண்பகலையொட்டித் தோன்றும் இக்கடற்காற்று, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே, கொளவாய் ஏரிக்கரையிலுள்ள செங்கற்பட்டிற்குத் தாமதித்தே சென்று சேரும். சேரும்போது அதன் வேகமும் தணிந்திருக்கும். 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி குடியேறிய தாம்பரம் சேலையூர்க் காடு போன்று மரம் அடர்ந்த இடங்களில் அடிமரங்களும் கிளைகளும் காற்றை உடைத்துவிடும். கடலோரத்து மைதானத்திற்கோ சவுக்குத் தோப்பு ஒன்று இருந்தாலன்றி வேறு மறைப்பில்லை. ஆகவே ஒரே ஜில்லாவிற்குள்ளேயே ஒரு மைதானத்து அணி மற்றொரு மைதானத்திற்குச் செல்லும்போது அயலூராகிவிடுகின்றது.

இக்காற்று பந்தை எவ்வளவு அசைக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. எனவே நேர் மேலிருந்து நடுவில் விழும் பந்திற்குப் பக்கத்திற்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவே இடைவெளி உண்டு. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டில் நின்று எறியும் 'ஃபிரீ த்ரோ' என்னும் தடையற்ற எறியில், பந்து ஏறக்குறைய ஒரு விநாடி வானில் மிதக்கின்றது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால், அந்த ஒரு விநாடியில் பந்து ஒரு சாணுக்குக் குறையாமல் விலகும் என்பது நம் கணக்கு. இடைவெளியோ அரைச் சாணும் இல்லை. ஆகவே காற்றை அறியாதவன் நன்றாக எறிந்தும் தவறுவான்.

"அப்படியாயின் வளைவைக் குறைத்து, பந்தைத் தாழவும் விரைவாகவும் எறியலாமே" என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேள்வி நல்லதே, ஆனால் வளையம் அதற்கு இடங்கொடாது. பந்து சாய்ந்து வருமளவிற்கு வளையத்தின் வாய் ஒடுங்கித் தோன்றும். 30 பாகைச் சாய்வில் வரும் பந்திற்கு 45 சென்டிமீட்டர் வாய் இருபத்திரண்டரையாகச் சுருங்கிவிடுகின்றது. 24 சென்டிமீட்டர் பந்து அதற்குள் இடிபடாமல் எவ்வாறு நுழையும்? தாழ எறி என்கிறது காற்று. உயர எறி என்கிறது வளையம். இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட வீரனுக்குள்ள வழி ஒன்றே: கூடையை நெருங்குதல். தனியொருவன் தட்டிக்கொண்டே சென்று நெருங்க முயன்றால் எதிரிகள் மறித்துக்கொள்வர். ஐவரும் மார்பளவிலும், தரையில் ஒருமுறை மோதியெழும்படியாகவும் பந்தை விரைந்து கைமாற்றிச் சென்றாலே நெருங்கலாம். நீண்ட தூரத்திலிருந்து எறிந்து மும்மூன்று புள்ளிகளாகக் குவிக்கும் ஆசை இக்காலத்து இளைஞரிடம் பெரிதும் பரவியுள்ளது. கூரையுள்ள அரங்கில் அது தக்கதே. கொண்டற்காற்று வீசும் மாலையில் அது பெரும்பாலும் வீண் என்பதே நம் துணிபு.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சில சொல்வோம். ஆட்டம் மாலை நான்கு மணிக்கு என்றால், முந்திய வாரங்களில் பயிற்சியும் அந்நேரத்திலேயே நடைபெற வேண்டும். விடியற்காலையில் காற்றடங்கிய வேளையில் நூறு எறிந்து எண்பது விழுந்தது என்று மகிழ்தல் தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். அணிகள் பாதியாட்டத்தில் பக்கம் மாறுவதால் இரண்டு கூடைகளிலும் பழகுதல் வேண்டும். ஒரு கூடையில் வலப்புறம் தள்ளிய காற்று மற்றதில் இடப்புறம் தள்ளும். தடையற்ற எறியை ஓய்ந்திருக்கும்போது பழகுவதால் பயன் சிறிது. மைதானத்தின் 28 மீட்டர் நீளத்தைப் பன்முறை ஓடிக் கடந்து, நெஞ்சு படபடக்கும்போதே கோட்டில் நின்று பழக வேண்டும். காவல் புரிவோர் முழங்காலை மடித்துக் கால்களை அகற்றி நிற்கவேண்டும் என்று எத்துணைமுறை சொல்லினும் சிலர்க்குப் பதிவதில்லை. அன்னார் மாமல்லபுரத்தில் சரிந்த பாறைமேல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லை ஒருமுறை பார்த்து வருவாராக. எடை விழும் கோடு அடிப்பரப்பிற்குள் இருக்கும்வரை சாயும் பொருளும் சாயாது.

பந்தையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் அளவாகக் காற்றடைத்த பந்தை வெயிலில் கிடத்தினால், 20 பாகை வெப்பம் ஏறும்போது உள்ளழுத்தம் ஐந்திலொரு பங்களவு கூடிவிடும். பிறகு அது பிடிக்கு அடங்காமல் துள்ளும். தோளுயரத்திலிருந்து நழுவவிட்டு, இடுப்பளவு எழுகின்றதா என்று ஆட்டத்திற்கு முன் நிழலில் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். நம் கரையில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருத்தலின் உடற்சூடு தணிய வழியின்றித் தங்குகின்றது. விலையுயர்ந்த பானங்களைத் தேட வேண்டுவதில்லை. உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும். ஆனால் தாகம் எடுத்தபின் குடிப்பதினும் முன்னரே சிறிது சிறிதாகக் குடித்தல் நன்று.

இவையெல்லாம் நம் மண் நமக்குத் தரும் கல்வி. நாள்தோறும் இங்கு உழைத்துப் பெற்ற அறிவாதலின் இவ்வனுகூலம் நியாயமானதே. ஆயின் சொந்த மைதானத்தின் பலம் இத்துடன் நின்றுவிடுகின்றதா? கொள்ளைநோயின் காரணமாக 2020-இலும் 2021-இலும் ஐரோப்பிய நாடுகளில் கால்பந்தாட்டங்கள் பார்ப்பார் இல்லாமலே நடைபெற்றன. அவற்றை ஆராய்ந்தோர், சொந்த மைதானத்தார் வெல்வது முன்னினும் குறைந்ததையும், வந்த அணியினர்மேல் நடுவர் விதிக்கும் தண்டனைகள் குறைந்ததையும் கண்டனர். இதன் பொருளைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் கூச்சல், நேர்மையுள்ள நடுவரின் கண்ணையும் அவரறியாமலே ஒரு பக்கம் சாய்க்கின்றது. வெற்றியென்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி நம் ஐவர் ஈட்டியதன்று. நம் தொண்டை பறித்தது.

விருந்தினர் அணியைச் சார்ந்தவன் கோட்டில் தனித்து நின்று எறியும்போது, கூடையின் பின்னே நின்று கூவுவதையும் துணியசைப்பதையும் சில ஊர்களில் ஆட்டத்தின் அங்கமாகவே கருதுகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். எதிரி ஒருவனும் தடுக்கலாகாது என்று விதியே விலக்கிவைத்த ஒரு நொடியில், விதிக்கு உட்படாத நூறுபேர் தடுப்பது எவ்வாறு ஒக்கும்? முரட்டுத்தனம் வேண்டா என்று கூடையைத் தலைக்குமேல் ஏற்றியவரின் ஆட்டத்திற்கு இது பொருந்தாது. நம்மவர் புள்ளி எடுக்கும்போது ஆரவாரம் செய்க. நன்றாகக் காக்கும்போதும் செய்க. எதிரி கோட்டில் நிற்கும்போது வாய் மூடுக.

இதனினும் கடினமான ஒன்றுண்டு. காற்றின் இயல்பை வந்தவர்க்குச் சொல்லுவதா, மறைப்பதா? "அவர்களே கண்டுகொள்ளட்டும்" என்பார் பலர். நாமோ சொல்லுதலே தக்கது என்போம். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழியைப் பேசுவோர், விருந்தாக வந்தவரைக் காற்றிடம் ஏமாறவிட்டு மகிழலாமோ? இதில் இழப்பும் பெரிதன்று. கேட்டறிந்ததும் கைப்பழக்கமும் ஒன்றாகா. ஒருமணி நேரத்தில் சொல்லக்கூடியதை நாம் பல மாதம் எறிந்து கற்றிருக்கின்றோம். சொன்ன பின்னும் வென்றால் அவ்வெற்றி நம்முடையதே என்பதில் எவர்க்கும் ஐயம் இராது. சொல்லிவிட்டால் தோற்போம் என்று அஞ்சுகின்ற அணிக்குப் பயிற்சி இன்னும் போதவில்லை.

ஆகவே ஆட்டநாளில் செய்யவேண்டியவை இவை. கரையோரத்து மணலும் சவுக்கின் ஊசியிலையும் சிமெண்டுத் தரையில் படிந்து காலை வழுக்கும். பிற்பகலில் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, நனைத்த கோணியை இழுத்துத் துடைத்து, உலரவிட வேண்டும். வளையங்கள் இரண்டும் 3.05 மீட்டர் உயரத்தில் மட்டமாக உள்ளனவா என்று அளக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருப்பது நமக்குப் பழகிப்போயிருக்கலாம், அதனாலேயே அதனைத் திருத்த வேண்டும். வந்த அணியினர் ஆட்டத்திற்கு ஒருமணி முன்னரே இறங்கிப் பழக மைதானத்தை விட்டுக்கொடுத்து, காற்று எப்பக்கம் திரும்பும், எப்பொழுது தணியும் என்பதை நம் அணித்தலைவரே நேரில் சென்று அவர்தம் தலைவரிடம் கூறிவர வேண்டும். மோர்ப்பானை இரண்டு வைத்தல் வேண்டும். இரண்டும் நிழலிலேயே இருக்கட்டும்.