காவல் நாய்க்குட்டியின் வளர்ச்சியும் உணவு மாற்றமும்

முசலிப் பகுதியில் நெல்லும் காய்கறியும் செய்யும் கமக்காரருக்குப் பயிரை விளைவிப்பது ஒரு பாடு. விளைந்த பயிரைக் காப்பது மற்றொரு பாடு. இப்பகுதியின் தெற்கே வில்பத்துக் காடு பரந்து கிடக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மக்கள், 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் ஊர் திரும்பியபோது, பழைய வயல்களிலும் தோட்டங்களிலும் காடு மண்டியிருக்கக் கண்டனர். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, கட்டாக்காலி மாடு ஆகியவை இன்றும் பயிருக்குப் பகையாகவே உள்ளன. காலபோக நெல் பால் பிடிக்கும் பருவத்தில் ஓர் இரவு கண்ணயர்ந்தாலும், பல மாத உழைப்பு விடியுமுன் மண்ணோடு மண்ணாகிவிடும்.

இக்காரணத்தினாலேயே, வீட்டினுள் நாயைச் சேர்க்காதவர்களும் வயற்காவலுக்கென ஒரு நாயை வைத்துக்கொள்வதுண்டு. ஆனால், குட்டியைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, மிஞ்சிய சோற்றைப் போட்டுவந்தால் அது காவல் நாயாகிவிடாது. எலும்பு உறுதிப்படும் மாதங்களில் தக்க உணவு கிடையாத குட்டி, கால் வளைந்தும் உடல் மெலிந்தும் வளரும். பின்னர் எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் அக்குறையை முற்றாகத் திருத்த முடியாது. ஆகவே, குட்டியின் வளர்ச்சியை அளந்தறிவதும், உரிய காலத்தில் உணவை மாற்றுவதும் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவையாகும்.

குட்டியின் வயதை அறிதல்

பிறந்த நாளைக் குறித்து வைப்பதே சிறந்த வழி. நாள் தெரியாதவிடத்துப் பற்களைக் கொண்டு வயதை மதிப்பிடலாம். குட்டிகள் பிறந்து 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரந் தொடங்கி ஆறாம் வாரத்துக்குள் ஊசி போன்ற பாற்பற்கள் முளைக்கும். இவை மொத்தம் 28 ஆகும். மூன்று முதல் ஐந்து மாதத்துள் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் தோன்றும். ஐந்து, ஆறு மாதமளவில் கோரைப்பற்கள் மாறும். ஏழு மாதமளவில் 42 நிலைப்பற்களும் நிரம்பிவிடும். எனவே, விற்பவர் ‘ஆறு மாதக் குட்டி’ என்று சொல்லும்போது வாயைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்?

‘பாதம் பெரிதாயின் நாயும் பெரிதாகும்’ என்பது பலரும் சொல்லும் கணக்கு. இதனை முற்றாக நம்புதல் கூடாது. தாயையும், இயலுமாயின் தந்தையையும் நேரிற் காண்பதே நம்பத்தக்கது. தாய் தந்தையரின் உடலளவைப் பெரும்பாலும் குட்டிகள் ஒத்திருக்கும்.

அடுத்த வழி எடை பார்த்தலாகும். குட்டியைச் சாக்கொன்றில் தலை வெளியே இருக்கும்படி வைத்துத் தொங்கு தராசில் நிறுத்து, பின்னர் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். ஆள் நின்று நிறுக்கும் தராசாயின், குட்டியைத் தூக்கியபடி ஒருமுறையும் தனியே ஒருமுறையும் நின்று, வேறுபாட்டைக் காணலாம். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலை உணவுக்கு முன் நிறுத்துக் குறித்து வருதல் நன்று.

நடுத்தர உடலுள்ள நாய்கள் நான்கு மாதத்தில் தம் முழு எடையின் ஏறக்குறையப் பாதியை அடைகின்றன. ஆகவே, நான்கு மாதத்தில் 7 கிலோகிராம் எடையுள்ள குட்டி, வளர்ந்தபின் 14 கிலோகிராம் அளவில் நிற்கும் என எதிர்பார்க்கலாம். அதே குட்டி ஆறு மாதத்தில் ஏறக்குறைய 10 கிலோகிராமும், ஓராண்டளவில் முழு எடையும் பெறும். பேரின நாய்கள் முழு வளர்ச்சியடைய 15 முதல் 24 மாதம் வரை செல்லும். சிற்றின நாய்கள் 8 முதல் 10 மாதத்தில் வளர்ந்து முடியும். இக்கணக்கு ஒரு மதிப்பீடே. சில கிலோகிராம் கூடியோ குறைந்தோ வருவது இயல்பு.

உயரம் எடைக்கு முன்னரே நிறைவுறும். எட்டு மாதத்தில் உயர்ந்து நிற்கும் நாயைக் கண்டு வளர்ச்சி முடிந்தது எனக் கொள்ளலாகாது. அதன் எலும்பும் தசையும் இன்னும் உறுதிப்படவில்லை.

உடல் நிலையைக் கையால் அறிதல்

தராசு இல்லாதவிடத்தும் கை உண்டு. விலாவின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவுக. எலும்புகள் எளிதிற் புலப்பட வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து பார்ப்போர் எண்ணத்தக்கதாகத் துருத்தி நிற்றலாகாது. மேலிருந்து பார்க்குமிடத்து இடுப்பு சற்று ஒடுங்கியிருத்தல் வேண்டும்.

விலா தெரிய வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருப்பது கொழுமை அன்று. பெரும்பாலும் குடற்புழுவின் அறிகுறியாகும். வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். ஆகவே, இரண்டாம் வாரந் தொடங்கி இரு வாரத்துக்கொருமுறை மூன்று மாதம் வரையும், பின்னர் மாதமொருமுறை ஆறு மாதம் வரையும் புழு மருந்து கொடுத்தல் வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததாதலால் கால்நடை வைத்தியரைக் கேட்டே கொடுக்க. இப்புழுக்கள் சிறுவரையும் தாக்குமாகையால், நாயின் மலத்தை அவ்வப்போது அகற்றிப் புதைத்தல் அவசியம். கீரைப் பாத்திகளில் நாயைத் திரியவிடலாகாது.

வயதுக்கேற்ற உணவு

வளரத் தொடங்கிய குட்டிக்கு, அதே எடையுள்ள வளர்ந்த நாய்க்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சக்தி தேவை. அதன் இரைப்பையோ சிறியது. ஆகவே, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுதல் வேண்டும்.

1. மூன்று, நான்கு வாரத்தில்: தாய்ப்பாலோடு, குழைய வேகவைத்துப் பிசைந்த சோறும் முள் நீக்கிய மீனும் சிறிதளவு கொடுத்துப் பழக்கலாம்.

2. ஆறு முதல் எட்டு வாரத்தில்: தாய்ப்பாலை முற்றாக நிறுத்தலாம். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருதல் நன்றன்று.

3. மூன்று மாதம் வரை: நாளுக்கு நான்கு முறை.

4. மூன்று முதல் ஆறு மாதம் வரை: நாளுக்கு மூன்று முறை.

5. ஆறு மாதத்தின் பின்: நாளுக்கு இரு முறை.

வெறுஞ் சோறு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரையோர ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் சாளை, சூடை போன்ற சிறு மீன்களை, முள் விரலால் நசுங்கும்வரை நெடுநேரம் அவித்து, இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்காகச் சேர்க்கலாம். மெல்லிய முள்ளிலிருந்து சுண்ணச்சத்தும் கிடைக்கும். வேகவைத்த முட்டையும் பூசணியும் சிறிதளவு சேர்ப்பது நன்று. சுண்ணச்சத்து மேலும் வேண்டுமா என்பதைக் கால்நடை வைத்தியரிடம் அறிக. கடையில் விற்கும் குட்டியுணவை முழு உணவாகக் கொடுப்போர் சுண்ணத்தூளை அதனோடு சேர்க்கலாகாது. மிகுந்த சுண்ணச்சத்தும் வளரும் எலும்புக்குத் தீங்கு செய்யும்.

உணவை எப்போது, எவ்வாறு மாற்றுவது?

எதிர்பார்க்கும் முழு எடையில் பத்தில் ஒன்பது பங்கை அடையும்வரை குட்டியுணவையே தொடர்தல் வேண்டும். மேற்கூறிய 14 கிலோகிராம் நாய்க்கு இது 12½ கிலோகிராம் அளவாகும். நடுத்தர நாய்களில் இது பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துள் நிகழும். வயதை மட்டும் பார்த்து மாற்றுவதினும், எடை ஏறும் வேகம் தணிந்ததைக் கண்டு மாற்றுவதே முறை.

மாற்றம் திடீரென நிகழலாகாது. முதல் இரண்டு நாள் புதிய உணவு காற்பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப்பங்கு, அதன்பின் இரண்டு நாள் முக்காற்பங்கு எனக் கூட்டி, ஏழாம் நாளில் முழுவதும் மாற்றுக. கழிச்சல் கண்டால் ஒரு படி பின்வாங்கிக் குணமானபின் தொடர்க. கழிச்சலோடு வாந்தியும் சோர்வும் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்க. ஒரு வாரம் எடை ஏறாது நின்றாலும் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

விலக்க வேண்டியவை

பேத்தை மீனின் எந்தப் பகுதியையும் கொடுத்தலாகாது. அதன் நஞ்சு அவித்தாலும் நீங்காது. வெங்காயம், உள்ளி, சொக்கலேற், முந்திரிகைப் பழம் ஆகியவையும் நாய்க்கு ஆகா. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். உப்பு மிகுந்த கருவாட்டை வழக்கமாகக் கொடுப்பதும் தவறு. பூச்சிமருந்துப் போத்தலும் எலி மருந்தும் குட்டிக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

காவலுக்கு விடுதல்

ஆடி மாதத்தில் இரண்டு மாதக் குட்டியாக வந்தது, தை மாதத்தில் கதிர் முற்றும்போது எட்டு மாதமே நிரம்பியிருக்கும். அது குரைத்து அறிவிக்கும். அவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கத்தக்கது. பன்றியை எதிர்க்க அதனை ஏவினால் நாயையும் இழந்து பயிரையும் இழக்க நேரும். காட்டோரக் குடிலில் இரவில் தனியே கட்டிவைத்தால் சிறுத்தைக்கு இரையாகவுங் கூடும். முதற்போகத்தில் காவலரோடு கூடவே இருந்து பழகுமாயின், அடுத்த காலபோகத்தில் உறுதியான உடலோடு தன் கடமையைச் செய்யும்.

இறுதியாக, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி இன்றியமையாதது. முதலூசிக்குரிய வயதைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் தவறாது இடுக. குட்டியாயினும் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்க. இந்நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாது. பயிரைக் காக்க வளர்த்த நாயால் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வருதல் ஆகாது.