சொல்லும் குறிப்பும்

ஸ்ரீ:



உத்ஸவ நாள்களில் ஸந்நிதியில் நிற்கும் அர்ச்சகனின் செவியில் ஒரு நாழிகைக்குள் எத்தனை மொழிகள் விழுகின்றன என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் தமிழில் தம் மகளின் நக்ஷத்திரத்தைச் சொல்லுவார். அடுத்தவர் தெலுங்கில் கோத்திரம் சொல்லுவார். அவருக்குப் பின் நிற்கும் அம்மையார் கன்னடத்தில் துளசி கேட்பார். நான்காமவர் ஹிந்தியிலோ ஒடியாவிலோ ஏதோ சொல்லிக் கைகூப்புவார். நால்வரின் கருத்தையும் அறிந்து அவர்களை மனநிறைவோடு அனுப்ப வேண்டியது அர்ச்சகனின் கடமை. அது எல்லா நாளும் கைகூடுவதில்லை. மனிதர் தம் உள்ளக் கருத்தை ஒருவர்க்கொருவர் அறிவிப்பது எவ்வாறு, அதில் சொல்லுக்குள்ள பங்கு என்ன, குறிப்புக்குள்ள பங்கு என்ன என்பவற்றைப் பாடசாலையில் கற்றதையும் ஸந்நிதியில் பட்டதையும் கொண்டு ஈண்டுச் சிறிது விண்ணப்பம் செய்கிறேன்.

எல்லை நாட்டு மொழிகள்

ஓசூர் என்னும் பெயரே நமக்கு முதற்பாடம். கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதியது. ஆகவே ஹொஸ ஊர் என்பது தமிழில் புதூரே. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரமாக ஒலிக்கும். நம் பால் அங்கே ஹாலு. நம் பூ அங்கே ஹூவு. நம் வகரம் அங்கே பகரமாகும். 'வா' என்பதை அவர்கள் 'பா' என்பர். நம் வேட்டை அவர்களுக்குப் 'பேட்டெ'. தேன்கனிக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் பேட்டராய சுவாமியின் திருநாமத்திற்கு வேட்டைக்குரிய ராயன் என்று பெரியோர் பொருள் கொள்வதும் இவ்வழியே. தெலுங்கிலோ பால் 'பாலு' என்றே நிற்கிறது. இந்த ஓரிரு ஒலி மாற்றங்களை அறிந்தவனுக்கு அண்டை வீட்டாரின் பேச்சில் பாதி கதவு திறந்துவிடும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டன. அதன் பின்னரும் வீட்டில் தெலுங்கும், கடைவீதியில் தமிழும், எல்லைக்கப்பால் உள்ள உறவினரிடம் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. 1971ல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் இங்கே வளர்ந்தன. இன்று பீஹார், ஒடிஸா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய தூர தேசங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து தங்குகின்றனர். இவர்களும் சனிக்கிழமைகளில் பெருமாளைத் தேடி வருகின்றனர்.

சொல் பொருள் தருவது எவ்வாறு?

ஒரு வாக்கியம் பொருள் தருவதற்கு மூன்று வேண்டும் என்று தர்க்க சாஸ்திரம் கூறும். முதலாவது ஆகாங்க்ஷை, அதாவது ஒரு சொல் மற்றொரு சொல்லை எதிர்பார்த்து நிற்றல். 'மரம், குடம், யானை' என்று அடுக்கினால் வாக்கியம் ஆகாது. இரண்டாவது யோக்யதை, சொற்கள் தம்முள் பொருந்துதல். 'நெருப்பால் செடியை நனை' என்றால் பொருந்தாது. மூன்றாவது ஸந்நிதி, சொற்கள் இடைவெளியின்றி அருகருகே வருதல். காலையில் ஒரு சொல்லும் மாலையில் ஒரு சொல்லும் சொன்னால் எவருக்கு விளங்கும்? பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடத்தைக் குறிக்கும் ஸந்நிதி என்னும் சொல்லே இங்கே சொற்களின் அண்மையைக் குறிப்பது காண்க.

இவற்றோடு தாத்பர்யம் என்னும் நான்காவதையும் பெரியோர் சேர்ப்பர். அதாவது சொல்லுபவனின் உட்கருத்து. ஸைந்தவம் என்ற வடசொல்லுக்கு இந்துப்பு என்றும் பொருள், சிந்து தேசத்துக் குதிரை என்றும் பொருள். உண்ண அமர்ந்தவன் 'ஸைந்தவம் கொண்டு வா' என்றால் உப்பைக் கொண்டுவர வேண்டும். பயணத்துக்குப் புறப்பட்டு நிற்பவன் சொன்னால் குதிரையைக் கொண்டுவர வேண்டும். சொல் ஒன்றே. அவன் இலைமுன் அமர்ந்திருக்கிறானா, வாசலில் நிற்கிறானா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் பொருளைத் துணிய வேண்டும். ஆகவே சொல்லைக் கேட்பதற்குச் செவி மட்டும் போதாது.

குழந்தை மொழியைக் கற்பதும் இவ்வாறே என்று மீமாம்ஸகர் கூறுவர். ஒரு பெரியவர் 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். மற்றொருவர் கொண்டு வருகிறார். பிறகு 'பசுவைக் கட்டு' என்கிறார், அவர் கட்டுகிறார். பின்னர் 'குதிரையைக் கொண்டு வா' என்கிறார். அருகிலிருக்கும் குழந்தை இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் பார்த்துப் பசு எது, குதிரை எது, கொண்டு வருதல் எது என்று தெளிகிறது. இதற்கு வ்ருத்த வ்யவஹாரம் என்று பெயர். வடக்கிலிருந்து வரும் இளைஞன் ஆலையிலும் தேநீர்க் கடையிலும் நம் தமிழைக் கற்பதும் இவ்வழியிலேதான். அவனுக்கு வாத்தியார் நம் கையும் முகமுமே.

கையும் முகமும் பேசுவன

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் கருத்தை வெளியிடும் வழிகளை நான்காக வகுக்கிறது. உடலால் காட்டுவது ஆங்கிகம். சொல்லால் காட்டுவது வாசிகம். உடையாலும் அணியாலும் காட்டுவது ஆஹார்யம். கண்ணீர், மெய்சிலிர்ப்பு முதலியவற்றால் தானே வெளிப்படுவது ஸாத்விகம். நான்கில் ஒன்றே சொல் என்பதைக் கவனிக்க. தமிழிலும் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஒரு தனி இயலே வைத்துள்ளது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற அதிகாரம் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இருமுறை வருகிறது.

கோயிலில் நாம் காணும் முத்திரைகளும் இவ்வகையினவே. உள்ளங்கை நம்மை நோக்கி உயர்ந்திருப்பது அபய ஹஸ்தம். அஞ்சாதே என்பது அதன் பொருள். கீழ்நோக்கித் தாழ்ந்திருப்பது வரத ஹஸ்தம். திருமலையில் ஸ்ரீநிவாஸன் வலக்கரத்தால் தன் திருவடியைக் காட்டி இடக்கரத்தைத் தொடையருகே வைத்திருப்பதற்கு, 'இத்திருவடியைப் பற்றினால் ஸம்ஸாரக் கடல் இவ்வளவு ஆழமே' என்று பெரியோர் விளக்கம் தருவர். எழுதப் படிக்க அறியாதவரும் அந்தக் கரத்தைப் படித்துவிடுகிறார். புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி எழும்பினால், வீதியில் கோலமிடுகிறவர் பெருமாள் எழுந்தருளப் போகிறார் என்று யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறார்.

ஆயினும் குறிப்பும் சொல்லைப் போலவே இடத்திற்கு இடம் மாறும். அபய ஹஸ்தம் போன்ற அதே உயர்ந்த கையை நெடுஞ்சாலையில் போக்குவரத்துக் காவலர் காட்டினால் 'நில்' என்று பொருள். நாம் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் சரி என்பதாகும். வெளிநாட்டார் பலர் அதை மறுப்பு என்று மயங்குவர். ஐரோப்பாவில் பல்கேரியா தேசத்தில் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை' என்றே பொருள் கொள்ளும் வழக்கம் உண்டு. நாம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை அசைத்து அழைப்பது மேனாட்டார்க்குப் 'போ' என்பது போல் தோன்றும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காது கேளாதோர் கைகளால் பேசுவதை வெறும் சைகை என்று எண்ணலாகாது. அது தனக்கென இலக்கணமுடைய முழுமொழி. இந்திய சைகை மொழிக்கென்றே 2015ல் தில்லியில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை அமைத்துள்ளது.

அடியேன் செய்த பிழை

சாஸ்திரம் இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமை, நண்பகல், திருக்காப்புச் சேர்க்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஆலைச் சட்டை அணிந்த ஓர் இளைஞன் தீர்த்தத்தை வலக்கையில் பெற்றான். பெற்றவன் அதை உட்கொள்ளவில்லை. கையை மூடிக்கொண்டு நின்றான். இடக்கையால் வாசற்பக்கம் காட்டி ஏதோ சொன்னான். அடியேன் தமிழில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன், அவனுக்கு விளங்கவில்லை. தீர்த்தத்தை அவமதிக்கிறான் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். வரிசையில் இருந்தவர்கள் அவனைத் தள்ளினார்கள். விரலிடுக்கில் தீர்த்தம் சொட்டச் சொட்ட அவன் வெளியே போனான்.

கோபுர வாசலில் துளசி விற்கும் தெலுங்குப் பாட்டியம்மாள் ஒருவர் அப்போது உள்ளே நின்றிருந்தார். "சாமி, அந்தப் பையன் சம்சாரம் வெளியே அரசமரத்தடியில உட்கார்ந்திருக்கு. நிறைமாசம். அதுக்குத்தான் தீர்த்தம் கொண்டு போறான்" என்றார்.

"அவன் பாஷை உமக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது சாமி. வரும்போதே மூணு தரம் அவளைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு வந்தான். கையை மூடினதும் அந்தப் பக்கம்தானே காட்டினான்!"

ஆவாஹன முத்திரை முதலாக எத்தனையோ முத்திரைகளைக் குருமுகமாகக் கற்றவன் அடியேன். ஒரு மூடிய கையின் பொருள் தெரியவில்லை. ஒரு தொன்னையில் தீர்த்தமும் துளசியும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் அவன் எழுந்து மனைவியை மறைத்துக்கொண்டு நின்றான். மீண்டும் கடிந்துகொள்ள வருகிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும். தொன்னையை நீட்டிய பிறகே அவன் முகம் தெளிந்தது. அந்தப் பெண் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பருகினாள். மூவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

அநுமன் காட்டிய வழி

அன்றிரவு ஸ்ரீமத் ராமாயணத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கிஷ்கிந்தா காண்டத்தில் அநுமன் முதன்முதலில் பேசியதைக் கேட்ட ஸ்ரீராமன், அவன் சொல்லில் பிழையில்லை என்பதோடு நிறுத்தவில்லை. முகத்திலும் கண்ணிலும் புருவத்திலும் குற்றமில்லை, குரல் மிகவும் ஓங்கவுமில்லை தாழவுமில்லை என்று இலக்குவனிடம் வியக்கிறான். அடியேன் அன்று தவறியது இக்குரலில்தான்.

ஸுந்தர காண்டத்தில் சிம்சுபா மரத்தின் மேலிருந்த அநுமன், பிராட்டியிடம் எந்த மொழியில் பேசுவது என்று நெடுநேரம் ஆலோசிக்கிறான். பண்டிதர்களைப் போல் ஸம்ஸ்க்ருதத்தில் பேசினால் இராவணன் என்று அஞ்சிவிடுவாள். ஆகவே சாதாரண மனிதர் பேச்சே தகும் என்று துணிகிறான். எது தனக்கு நன்றாக வரும் என்பதை அவன் எண்ணவில்லை. எது அவளுக்கு அச்சம் தராது என்பதையே எண்ணினான். அப்படிப் பேசியும் பிராட்டிக்கு ஐயம் முழுதும் நீங்கவில்லை. அவன் அருகே வர வர ஐயமே மிகுந்தது. அதற்காக அவன் சினந்தானில்லை. வணங்கி நின்று, ஸ்ரீராமனின் அங்க அடையாளங்களை விவரித்து, இறுதியில் கணையாழியைக் கொடுத்தான்.

யுத்த காண்டத்தில் விபீஷணன் சரணம் என்று வந்தபோது, சுக்ரீவன் முதலானோர் ஐயுற்றனர். அநுமன் மட்டும் அவனுடைய பேச்சையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்து, முகம் தெளிவாக இருக்கிறது, வஞ்சகன் இவ்வாறு தயக்கமின்றி வரமாட்டான் என்று கூறினான். பேசுவதில் வல்லவனே பார்ப்பதிலும் வல்லவனாக இருந்தான் என்பது இதனால் விளங்கும். துளசி விற்கும் அம்மையாருக்கும் இந்தப் பார்வை வாய்த்திருந்தது.

அன்பர்களுக்கு விண்ணப்பம்

சொல்லும் பிழைபடலாம், குறிப்பும் பிழைபடலாம். பிழையைத் திருத்துவது எதிரில் இருப்பவரை ஒரு கணம் பொறுத்துப் பார்க்கும் மனமே. ஆகவே இவ்வுத்ஸவ நாள்களில் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். மொழி தெரியாதவரிடம் அதே சொல்லை இரைந்து சொல்வதால் பயனில்லை. மெதுவாகச் சொல்லி, செய்தும் காட்டுக. கூட்டத்தில் வழி தவறிய குழந்தையைக் கண்டால் நின்றபடி அதட்டாமல், குனிந்து அதன் கண்மட்டத்தில் முகத்தை வைத்துப் பேசி, ஒலிபெருக்கி இடத்திற்கு அழைத்துச் செல்க. தேர் வடம் பிடிப்போர், சக்கரத்திற்குக் கட்டையிடுவோர் 'நிறுத்து' என்பதற்கு எவ்வாறு கை காட்டுவார்கள் என்பதை முன்னதாகவே கேட்டறிந்து, அயலூராருக்கும் காட்டிவைக்க வேண்டும். தேர் நகரத் தொடங்கிய பின் விளக்கம் கேட்க நேரமிராது.

தீர்த்தப் பாத்திரத்தின் அருகே அன்று முதல் சில தொன்னைகளை வைத்திருக்கிறேன். எவரேனும் தீர்த்தம் பெற்றுக் கையை மூடிக்கொண்டு நின்றால், ஒன்றை எடுத்து நீட்டிவிடுகிறேன். அநேகமாக வெளியே ஒருவர் காத்திருக்கிறார்.

தேர் நிலையிலிருந்து அசையும்போது தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் வடநாட்டாரும் 'கோவிந்தா' என்று ஒரே குரலில் அழைப்பதை இவ்வாண்டும் கேட்கப் போகிறோம். அவ்வொரு சொல்லுக்கு எவரும் பொருள் கேட்பதில்லை. அந்தக் குரல் ஓய்ந்த பின்னும், பக்கத்தில் வடம் பிடித்தவர் முகத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சுபமஸ்து.